ஜெனோவாவின் இரண்டு கத்தரீனாக்கள்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மகள் மேற்படிப்புக்கு இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவா போகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் கப்பலில் இருந்த காலத்தில் இறங்கி நடந்த ஊர். "அங்கே கொலம்பஸைத் தவிர யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். கொலம்பஸ் அங்கே பிறந்தாரே தவிர, அவருக்குக் கப்பல் கொடுத்தது ஸ்பெயின். மாட்சினியையும் அந்த ஊர்தான் பெற்றது. இத்தாலி ஒன்றாக வேண்டும் என்று பாடுபட்டவர், கடைசியில் 1872இல் பீசாவில் வேறு பெயரில் ஒளிந்திருந்தபடியே கண்ணை மூடினார். வயலின் மேதை பகனீனியின் வயலின் இன்னும் நகரசபைக் கட்டடத்தில் இருக்கிறது. அவரே ஊருக்கு எழுதிவைத்தது. அதன் ஓசைக்காகவே அதற்குப் 'பீரங்கி' என்று பெயர்.

துறைமுகத்தருகே சான் ஜார்ஜியோ மாளிகையை அவள் பார்க்கட்டும். 1298இல் போரில் பிடிபட்ட மார்க்கோ போலோவை அங்கேதான் அடைத்துவைத்தார்கள் என்பார்கள். கூடச் சிறையிருந்த பீசாக்காரர் ருஸ்திகெல்லோ எழுத எழுத, மார்க்கோ போலோ தன் பயணக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போனார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் நம்ம காயல் துறைமுகத்தில் நிற்பதையும் சொன்னார். தாமிரபரணிக் கரையில் பிறந்த நமக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எனக்கு மனசில் நிற்பது இரண்டு பெண்கள். ஒருத்தி பியெஸ்கி என்ற பெரிய குடும்பத்துக் கத்தரீனா, 1447இல் பிறந்தவள். புருஷன் சொத்தையெல்லாம் அழித்தபிறகு, அவனையும் கூட்டிக்கொண்டு பம்மத்தோனே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சேவை செய்யப் போனாள். பிறகு அதன் நிர்வாகமே அவள் கைக்கு வந்தது. 1493இல் பிளேக் வந்தபோது பணக்காரர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், இவள் ஓடவில்லை. 1737இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

இன்னொருத்தி கத்தரீனா கம்போதோனிகோ. திருவிழாக்களில் கொட்டைகளை நூலில் கோத்து மாலையாக விற்ற ஏழை. ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டத்தில் பிரபுக்களும் வணிகர்களும் பளிங்கில் நிற்கிறார்கள் அல்லவா, அங்கே தனக்கும் ஒரு சிலை வேண்டும் என்று காசு சேர்த்தாள். சிற்பி ஒரெங்கோ 1881இல் செய்து முடித்தார். மறு வருஷம் அவள் போய்ச்சேர்ந்தாள். அந்தச் சிலைக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். சால்வையின் குஞ்சம், விசேஷத்துக்குக் கட்டும் ஏப்ரனின் பூவேலை, முகத்துச் சுருக்கம் எதையும் விடவில்லை. இரண்டு கையிலும் கொட்டை மாலையும் வளைய ரொட்டியும். வெயிலிலும் மழையிலும் விற்றுச் சேர்த்தது என்று அந்த ஊர்ப் பேச்சுமொழியிலேயே கீழே பாட்டாக வெட்டியிருக்கிறார்கள். உழைத்த காசில் தன் இடத்தைத் தானே வாங்கிக்கொண்ட அவளை, மாட்சினிக்கு ஒரு படி குறைவாக நான் வைக்கமாட்டேன். அவரும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

மகளிடம் அங்கே இரண்டு பூ வைக்கச் சொல். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, மாடி அறையை ஒழித்துவைக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்