எங்கள் ஒழுங்கை முகப்பில் கிடக்கும் பள்ளத்தின் சொந்தக்காரருக்கு

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

விலாசம் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தெரிந்திருந்தால் பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பேன். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை பெரிய ரோட்டில் ஏறுகிற இடத்தில், ஐப்பசியில் வெட்டித் தையிலும் மூடாமல் கிடக்கிற பள்ளத்தைப் பற்றித்தான் இது. எந்தப் பள்ளம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். மூன்று கந்தோர்களின் படியேறிவிட்டேன். மூன்றிலும் பள்ளத்தைத் தெரியும், மூன்றிலும் அது மற்றவருடையது. குழாய் போட்டவர்கள் ரோட்டுக்காரரிடம் ஒப்படைத்தாயிற்று என்கிறார்கள். ரோட்டுக்காரர் இன்னும் கையேற்கவில்லை என்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு தம்பி மிக மரியாதையாகக் கதிரை தந்து, நான்காவதாக ஒரு கந்தோரின் பெயரைச் சொன்னார்.

ஆகவே நீங்கள் யாராக இருந்தாலும் சரி, நான் கேட்பது ஒன்றுதான். மூடும்வரை அந்த இடத்தில் இரவில் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு வையுங்கள். மூடச் சொல்லிக்கூட இப்போது கேட்கவில்லை. அது பெரிய வேலை, கோப்பு வேண்டும், கிரவல் வேண்டும், தார் வேண்டும். விளக்குக்கு ஒரு கம்பும் ஒரு பல்பும் போதும்.

நான் இந்த மாதக் கடைசியில் வவுனியாவுக்குக் குடிபோகிறேன். மனைவிக்கு அங்கே இடமாற்றம் கிடைத்துவிட்டது. ஊரை விட்டுப் போகிறவனுக்குப் பள்ளத்தோடு என்ன வழக்கு என்று கேட்டால், நான்தான் போகிறேன், என் சேர்க்கைகள் இங்கேதான் இருக்கப்போகிறார்கள்.

நாங்கள் நாலு பேர். பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் என்று வீட்டில் பெயர். என்னுடையது சி.டி. 125, இரட்டைச் சிலிண்டர், 6 வோல்ட். கிண்ணியாவிலிருந்து வருகிற நானாவிடம் ரோட்மாஸ்டர் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன்னால் அதைக் கரை கடக்கும் பாதைப் படகில் ஏற்றி இறக்கிய கதையை அவர் சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணீர் ஆறிப்போகும். கராஜ் வைத்திருக்கிறவரிடம் எது ஓடுகிறதோ அதுதான் அவருடைய வண்டி. நாலாவது, என்னோடு படித்த மச்சான். அவனுடையது எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த சைக்கிள், இங்கே மீன் சுமக்கிறது. விடியப்புறம் கொட்பே துறைமுகத்துக்குப் போய், பின்னால் ரெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிலாவெளிப் பக்கம் வீடு வீடாக விற்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டியைக் கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டு எங்களோடு கன்னியாவுக்கோ புல்மோட்டைப் பக்கமோ வருவான். மீன் வாடை மட்டும் கழன்று வராது.

2022இல் பெற்றோல் இல்லாத நாட்களில் இந்த நாலு பேரும் மாறி மாறி வரிசையில் நின்றோம். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் பற்றைக்குள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் ஊரில் இருந்துகொண்டு நாங்கள் போத்தலோடு நின்றோம். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்து சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது, மச்சானின் பிழைப்பு சைக்கிளில்தான் ஓடுகிறது என்று மற்ற மூன்று பேரும் எங்கள் பங்கில் கொஞ்சம் அவனுக்குத் தள்ளினோம். கணக்கு யாரும் எழுதவில்லை.

சரி, பள்ளத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு மச்சான் சாமான் கட்ட உதவிக்கு வந்தான். போகும்போது சைக்கிள் திருத்துகிற என் சாவிப் பெட்டியை, ஸ்பனர்களோடு, அவனிடம் கொடுத்தேன், வவுனியாவில் எனக்கு முற்றமும் இல்லை, கராஜும் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனான். மழை விட்டிருந்தது. உங்கள் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் அது பள்ளமாகத் தெரியாது, ரோட்டோடு ஒரே மட்டம், ஒரே பளபளப்பு. பழைய சைக்கிள்களின் விளக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பிரகாசம், வேகம் குறைந்தால் மங்கல். ரோட்டில் ஏறுவதற்காக ஒருவன் வேகத்தைக் குறைக்கிற அதே இடத்தில்தான் விளக்கும் மங்கும், அதே இடத்தில்தான் நீங்களும் வெட்டி வைத்திருக்கிறீர்கள். அவன் மெதுவாகத்தான் போனான். மெதுவாகப் போனதால்தான் விழுந்தான்.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது சைக்கிளின் முன் சில்லு தண்ணீருக்குள், இவன் கரையில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "பெற்றோல் கசியுதா பார்" என்றான். காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு கிழமை கையைத் தூக்கக் கூடாதாம். றிம் வளைந்துவிட்டது, முன் போர்க்கும் சரியில்லை. 2020இலிருந்து சில வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்ததில் பழைய சைக்கிள்களுக்கு வந்த விலை உங்களுக்கே தெரியும். ஒரு நல்ல றிம் தேடுவது பொம்பிளை தேடுவதைவிடக் கஷ்டம்.

ஆறு கிழமை என்றால் உங்களுக்கு ஆறு கிழமை. மீன் விற்கிறவனுக்கு வாடிக்கை போய்விடும். முதல் கிழமை நானா ரோட்மாஸ்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். மீனுக்குப் பேரம் பேசத் தெரியாமல் சூரையைக் கொள்விலைக்கே கொடுத்துவிட்டு வந்தார். பிறகு நான் போனேன். நிலாவெளியில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "அந்தத் தம்பி எங்கே, அவன் என்றால் செதிள் எடுத்துத் தருவான்" என்று கேட்டுவிட்டு வாங்காமலே உள்ளே போனார். வீட்டில் மச்சான் ஒற்றைக் கையால் கேத்தலைத் தூக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். நான் போகும் நாளில் நாலு சைக்கிளும் ஹொரவப்பொத்தானை வரைக்கும் ஒன்றாக ஓடி, அங்கே தேத்தண்ணீர் குடித்துப் பிரிவது என்று பேசி வைத்திருந்தோம். அவன் இப்போது சாமான் லொறியில் முன்னால் உட்கார்ந்து வருவேன் என்கிறான்.

விழுந்த மறுநாள் நான் ஒரு வேப்பங்கிளையை வெட்டி, பழைய சிவப்புச் சாரத்துண்டைக் கட்டி, பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் மண் போட்டு நட்டேன். மூன்றாம் நாள் உங்கள் ஆட்கள் வந்தார்கள். யாருடைய ஆட்கள் என்று கேட்டேன், சொல்லவில்லை. படம் எடுத்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பிறகு போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கிளையைப் பிடுங்கி, வாளியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இடைஞ்சல் போய்விட்டது, பள்ளம் இருக்கிறது.

நாங்கள் வருடா வருடம் காப்புறுதி எடுத்து, புகைப் பரிசோதனை செய்து, வரிப் பத்திரம் புதுப்பிக்கிறோம். அதில் ஒரு நாள் பிந்தினால் சந்தியில் மறித்துத் துண்டு எழுதுவார்கள், அது சட்டம், குறை சொல்லவில்லை. ரோட்டை வெட்டிப்போட்டு மூன்று மாதம் பிந்தினால் யார் யாருக்குத் துண்டு எழுதுவது என்றுதான் தெரியவில்லை. கட்டாக்காலி மாடுகள் இரவில் ரோட்டில் படுப்பதற்கும் கோட்டையடி மான்கள் நகரத்துக்குள் பொலித்தீன் தின்று திரிவதற்கும் யார் பொறுப்பு என்று கேட்டாலும் இதே பதில்தான் வரும் போல. மாட்டுக்காவது கண் மினுங்கும், தூரத்தில் தெரியும்.

2021 நவம்பரில் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாமல் இழுபட்ட காலத்தில் இழுவைப்படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதையும் என் மச்சானின் தோளையும் ஒரே தராசில் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. ஆனால் அரைகுறையாகக் கிடக்கிற வேலைக்குப் பக்கத்தால்தான் சனம் அன்றாடம் போய் வருகிறது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த நாட்களில் நானா இரண்டு ஞாயிறு எங்களோடு வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்த விளக்கை வையுங்கள். உங்களிடம் விளக்கு இல்லையென்றால் நான் தருகிறேன். என் சி.டி.யிலிருந்து கழற்றிய பழைய பின் விளக்கு ஒன்று இருக்கிறது, 6 வோல்ட் பற்றரியோடு வயர் பூட்டிக் கராஜில் வைத்துவிட்டுப் போகிறேன். பகலில் சார்ஜ் போட்டுத்தர கராஜ்காரர் சம்மதித்துவிட்டார். யாராவது வந்து எடுத்துப்போனால் போதும், கையெழுத்தும் வேண்டாம். என் வாளியையும் முடிந்தால் திருப்பித் தாருங்கள்.

இன்னொன்று. மச்சான் விழுந்த மறுநாள் காலையில் தண்ணீரை இறைத்துச் சேற்றுக்குள் சாவிகளைத் தேடி எடுத்தோம். 10ஆம் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. சைக்கிள் வேலை தெரிந்தவர் உங்கள் கந்தோரில் யாராவது இருந்தால், எப்போதும் அதுதான் தொலையும் என்று சொல்லுவார். பள்ளத்தை மூட வருகிறவர்கள் கண்டெடுத்தால் கராஜில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பெட்டியோடு சேர்த்து அது அவனுக்குக் கொடுத்தது.

இப்படிக்கு,
ஒழுங்கைக்குள் மூன்றாவது வீட்டுக்காரன் (மாதக் கடைசி வரை)