மூன்று வாரம் வேலை, நான்காம் வாரம் ஓய்வு: வார மங்கா இதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

டோக்கியோவிலிருந்து மங்கா எனும் ஜப்பானியப் படக்கதைகளின் வார இதழ்களைக் கொண்டுவரும் ஆசிரியர் குழுக்களுக்கு,

வணக்கம்.

மங்காகாவின், அதாவது தொடரை எழுதி வரையும் கலைஞரின், உடல்நிலை சரியில்லாததால் இந்த வாரம் தொடர் வெளிவராது என்ற அறிவிப்பை உங்கள் இதழ்களில் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. தொடர் வரவில்லையே என்ற சலிப்பு இல்லை இது. இன்று ஒருவர் பெயரில் வரும் அறிவிப்பு கொஞ்ச நாளில் இன்னொருவர் பெயரில் வருகிறது. நீங்களும் வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த இதழைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள்.

ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவில் ‘ஜம்ப்’ என்ற வார மங்கா இதழின் புது அத்தியாயங்கள் இணையத்தில் ஏறும்போது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் ஞாயிறு இரவு எட்டரை மணி. அந்த எட்டரை மணிக்குக் கைப்பேசியைத் திறக்கும் வாசகர்கள் சார்பில் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்று வாரம் வேலை, நான்காம் வாரம் ஓய்வு என்ற கணக்கை ஒவ்வொரு வாரத் தொடருக்கும் முதல் அத்தியாயத்திலிருந்தே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். உடம்பு விழுந்த பிறகு தரும் சலுகையாக அது இருக்க வேண்டாம்.

ஒரு அத்தியாயம் எப்படி உருவாகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கணக்கை ஒருமுறை சேர்ந்து பார்ப்போம். வாரத்துக்குச் சுமார் 19 பக்கம். முதல் மூன்று நாள் ‘நேம்’ போடுவதில் போகும். எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், யார் எங்கே நிற்கிறார், எந்த வசனம் எந்தக் குமிழில் என்று பென்சிலில் கிறுக்கிப் பார்க்கும் வேலை அது. கதை நிற்பதும் விழுவதும் அங்கேதான். நீங்கள் பார்த்துவிட்டுச் சரியில்லை என்றால் திருப்பித் தருவீர்கள். அது உங்கள் கடமை. நல்ல தொடர்கள் பலவும் அப்படித்தான் செதுக்கப்பட்டன. ஆனால் இரண்டு தடவை திரும்பினால் பாதி வாரம் போயிற்று, கடைசித் தேதி மட்டும் அசையாது.

மிச்சம் மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு பக்கத்துக்கு மேல் முடித்தாக வேண்டும். பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் மொத்தம் 114 கட்டம். ஒவ்வொன்றுக்கும் பென்சில் வரைவு, அதன்மேல் ஜி-பென் என்ற முள்பேனாவில் மை, கறுப்பு நிரப்புவது, நிழலுக்கான புள்ளித்தாளான டோனை ஒட்டுவது, வெள்ளை மையில் திருத்துவது. கட்டடம், கூட்டம், வேகக் கோடு எல்லாம் உதவியாளர்கள் போடலாம். முகமும் கையும் மங்காகாவே வரைய வேண்டும். கணினிக்கு மாறியவர்களுக்கு டோன் வெட்டி ஒட்டும் நேரம் மிச்சம். ஆனால் கோடு இழுப்பது அதே மணிக்கட்டு, குனிந்திருப்பது அதே முதுகு.

தொடர் வெற்றிபெற்றால் சுமை குறையுமா என்றால், கூடத்தான் செய்கிறது. இதழின் முகப்புக்கு வண்ணப் பக்கம், அத்தியாயங்களைச் சேர்த்து நூலாகப் போடும் தொகுதிக்கு அட்டைப்படம், தொகுதிக்கான திருத்தங்கள், அனிமே எனும் அசைபடமாக வந்துவிட்டால் திரைக்கதையையும் பாத்திர வடிவங்களையும் பார்த்து ஒப்புதல், பொம்மை முதல் சாவிக்கொத்து வரை எல்லாவற்றுக்கும் ஒப்புதல். இத்தனைக்கும் அதே ஏழு நாள்.

நீங்கள் தரும் விடுப்பு புத்தாண்டு, மே மாத விடுமுறை, ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஓபோன் ஆகியவற்றை ஒட்டி, இரண்டு வாரத்துக்குச் சேர்த்து ஒரே இதழாக வரும் இணைப்பு இதழ்கள்தாம். அந்த நாள்களில் அச்சகத்துக்கும் விடுமுறை என்பதால் கடைசித் தேதிகள் முன்னுக்கு வந்துவிடும். ஓய்வுக்கு முந்தைய வாரங்களில் வேலையை நெருக்கிச் செய்தால்தான் அந்த ஓய்வே கிடைக்கிறது.

இதன் விலை என்ன என்று தெரிய ஜம்பில் வரையும் மங்காகா யோஷிஹிரோ தொகாஷி ஒருவரைப் பார்த்தாலே போதும். 1998இல் ‘ஹண்டர் ஹண்டர்’ தொடங்கியபோது அவர் ஏற்கெனவே 1990 முதல் 1994 வரை வாராவாரம் வந்த வேறொரு தொடரை வரைந்து முடித்துக் களைத்தவர். அதற்குப் பிறகான முதுகுவலியும் நீண்ட இடைவெளிகளும் உலகறிந்தவை. 37ஆம் தொகுதியில் அவரே எழுதினார்: சுமார் இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்கார முடியாததால் வரைய முடியவில்லை, நாற்காலியைக் கைவிட்டதால்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. 2022 மே மாதம் ட்விட்டரில் கணக்குத் தொடங்கிய பிறகு அவர் போடும் படங்களைப் பாருங்கள். பெரும்பாலும் வரைதாளின் ஒரு மூலைதான் தெரியும். கட்டத்தின் கோடு, ஓரத்தில் ஒரு எண், சில சமயம் பாதி வரைந்த ஒரு பொருள். அந்த ஒரு மூலைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் மகிழ்கிறார்கள். ஒரு பக்கம் முன்னேறியது என்பதே கொண்டாட்டமாகிவிட்டது.

அப்படி வரும் பக்கங்கள் சாதாரணமானவையா? கக்கின் நாட்டு இளவரசர்கள் பதினான்கு பேர் ஒரே கப்பலில் அரியணைக்காக ஒருவரையொருவர் கொல்லத் திட்டமிடும் பகுதியைப் போல இவ்வளவு பாத்திரங்களையும் விதிகளையும் ஒரே நேரத்தில் கையில் வைத்து நடத்தும் கதை சண்டை மங்காவில் மிக அரிது. அதற்கு முன் எறும்புகளின் பகுதியில் எறும்பு அரசன் மெருயெமும் பார்வையற்ற சிறுமி கொமுகியும் சதுரங்கம் போன்ற குங்கி ஆட்டத்தின் பலகைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பக்கங்கள், அந்த வகை மங்கா தொட்ட உயரங்களில் ஒன்று. அதே பகுதியின் சில அத்தியாயங்கள் இதழில் வந்தபோது பென்சில் கிறுக்கலாகவே அச்சாகின, பிறகு தொகுதிக்காகத் திருத்தி வரையப்பட்டன. அவசரப்படுத்தி வாங்கிய வேலையை அவர் இரண்டாம் முறையும் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு வாரம் பொறுத்திருந்தால் ஒரே முறையில் முடிந்திருக்கும்.

2022 டிசம்பரில், 400ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு, அந்தத் தொடர் இனி வாரத் தொடராக வராது என்று இதழ் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் தொடர் தொடங்கி 24 ஆண்டு கழித்து, ஒரு மனிதர் நாற்காலியை இழந்த பிறகு வந்த முடிவு.

மங்கா உலகில் தூக்கத்தைத் துறப்பது வெகுகாலமாகப் பெருமையாகப் பேசப்படுகிறது. பழைய தலைமுறை மங்காகாக்களான ஒசாமு தெசுகாவும் ஷோதாரோ இஷினோமோரியும் எத்தனை இரவு விழித்தோம் என்று பேசிக்கொண்டதையும், தான் மட்டும் நன்றாகத் தூங்கியதையும் அவர்கள் காலத்து மங்காகா ஷிகேரு மிசுகி பின்னாளில் ஒரு சிறு மங்காவாகவே வரைந்தார். முதல் இருவரும் 60 வயதில் மறைந்தார்கள், மிசுகி 93 வரை இருந்தார். தூக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் மிசுகியே தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொன்ன பாடம் அது, உங்கள் துறையில் கேட்பார் இல்லாமல் போன பாடம்.

மூன்றுக்கு ஒன்று என்பது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. ‘ஒன் பீஸ்’ பல ஆண்டுகளாக ஏறத்தாழ அப்படித்தான் வருகிறது. அதை வரையும் எய்ச்சிரோ ஓடா 2023இல் கண் அறுவைச் சிகிச்சைக்காக நான்கு இதழ்கள் ஓய்வெடுத்தார். திரும்பி வந்தபோது வாசகர்கள் அங்கேயே இருந்தார்கள். ஆனால் ஓடா கேட்டால் கிடைக்கும். முதல் தொடரைத் தொடங்கும் இருபது வயதுக்காரர் எப்படிக் கேட்பார்? இதழோடு வரும் அட்டையில் வாசகர்கள் அனுப்பும் வாக்கில் பின்தங்கினால் இருபது வாரத்துக்குள் தொடரே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார். அதனால்தான் ஓய்வைக் கேட்டு வாங்கும் பொருளாக வைக்காதீர்கள், ஒப்பந்தத்தில் எழுதுங்கள் என்கிறோம்.

இடைவெளி விட்டால் வாசகர் மறந்துவிடுவார் என்று சொல்லாதீர்கள். ஹாஜிமே இசாயாமாவின் ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 2009 முதல் 2021 வரை மாத இதழில் வந்தது. 139 அத்தியாயம், 34 தொகுதி, விற்பனை பத்துக் கோடிப் பிரதியைத் தாண்டியது. ஒவ்வொரு மாத இடைவெளியிலும் வாசகர்கள் பழைய பக்கங்களைத் தோண்டி ஊகித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊகமே தொடரை வளர்த்தது. ஹிரோமு அராகவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டும் மாதத் தொடர்தான். 27 தொகுதியில் வீணான ஒரு பாத்திரத்தைக் காட்டுவது கடினம். ‘ஸ்பை ஃபேமிலி’ 2019இல் தொடங்கியதே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில்தான். ‘பிளாக் க்ளோவர்’ 2023இல் வார இதழிலிருந்து விலகிப் பருவ இதழுக்குப் போனது, வாசகரும் கூடவே போனார்கள்.

பக்கம் காலியாகுமே என்பீர்கள். இதழில் 20 தொடர் என்று கொள்வோம். சுழற்சியில் வாரத்துக்கு ஐந்து ஓய்வெடுத்தால் 95 பக்கம் காலி. புதுமுகங்களின் தனிக்கதைகள் 45 பக்க அளவில்தான் வருகின்றன, இரண்டு போட்டால் இடம் நிரம்பிவிடும். அடுத்த தலைமுறைக்கு வாரம் இரண்டு வாசல் திறக்கும். எந்தத் தொடர் எந்த வாரம் ஓய்வு என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால், பெரிய தொடர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் விடுபடுவதையும் தவிர்க்கலாம்.

இதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் மங்காகாவுக்குப் பணம் வருகிறது. உதவியாளர்களின் சம்பளத்தை அவர்தான் அதிலிருந்து தருகிறார். ஓய்வு வாரத்தில் பக்கம் இல்லை, பணமும் இல்லை, சம்பளம் மட்டும் உண்டு என்றால் அந்த ஓய்வை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆகவே நான்காம் வாரத்துக்கான உதவியாளர் செலவையாவது இதழே ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தில் எழுதியது எழுத்தோடு நின்றுவிடும்.

அனிமே துறையும் இதே நோயில்தான் கிடக்கிறது. ஒளிபரப்பு தேதியை முதலில் அறிவித்துவிட்டு, வரையும் படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் இளைஞர்களைக் கடைசி வாரங்களில் இரவு பகலாக உட்காரவைக்கிறார்கள். ஓய்வெடுக்கும் மங்காகாவைச் சோம்பேறி என்று இணையத்தில் ஏசும் ரசிகர்கள் மீதும் எங்களுக்குக் கோபம் உண்டு. வலியால் படுத்திருப்பவரைப் பார்த்து விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறார் என்று கிண்டல் செய்வது ரசனை ஆகாது. இவை இரண்டும் உங்கள் கையில் இல்லை. வார இதழின் கால அட்டவணை உங்கள் கையில் இருக்கிறது.

ஜம்ப் 65 லட்சம் பிரதிகள் அச்சான 1990களின் நடுவில், ரயில் நிலையக் கடையில் வாரம் தவறாமல் இதழ் இருக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. இன்று பெரும்பாலோர் கைப்பேசியிலும் தொகுதியாகவும் படிக்கிறார்கள். ஒரு வாரம் தள்ளி வந்த அத்தியாயம் தொகுதியில் அதே இடத்தில்தான் இருக்கப் போகிறது.

எனவே பணிவுடன் மீண்டும் கேட்கிறோம். மூன்று வாரம் வேலை, நான்காம் வாரம் ஓய்வு. பெரியவருக்கும் புதியவருக்கும் ஒரே விதி, முதல் அத்தியாயத்திலிருந்தே, உதவியாளர் சம்பளத்தோடு. வரும் புத்தாண்டு இணைப்பு இதழில் அந்த ஆண்டின் ஓய்வு அட்டவணையை எல்லாத் தொடர்களுக்கும் சேர்த்து ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். முதல் வரிசையில் அந்த ஆண்டு அறிமுகமாகும் புதுமுகங்களின் பெயர்களைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இரவு எட்டரை மணி வாசகர்கள் சார்பில்
ஒரு தமிழ் மங்கா வாசகர்