காகிதத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

அன்புள்ள மும்பைச் சொந்தங்களுக்கு, வணக்கம்.

நேற்று மாலை நாலரை மணிக்கு வண்டிப் பதிவு ஆணை கைக்கு வந்துவிட்டது. எங்கள் பழைய மாரிஸ் மைனர் கார் யாருடையது, எது என்று இனி யாரும் கேள்வி கேட்க முடியாது. கடந்த பதினோரு மாதங்களில் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத மனம் வரவில்லை. தாளை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, இரவு சாப்பிடாமலேயே தூங்கிப்போனேன். காலையில் எழுந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் டோம்பிவிலி அக்காவைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

எல்லாச் சிக்கலுக்கும் வேர் ஒரே ஓர் எண்தான். எங்கள் ஆர்.சி. புத்தகம், நகலுக்கு நகலாகப் பல கை மாறி வந்தது. தொழிற்சாலை ஒவ்வொரு வண்டிக்கும் தரும் சேசிஸ் எண்ணின் முன்னால் இருக்க வேண்டிய எழுத்துகள் அதில் இல்லை. மிஞ்சியிருந்த இலக்கங்களிலும் ஒன்று தவறு. எண் பொறித்த தகட்டைப் பெயின்ட் அடிக்கக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவே இல்லை. என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் திருகுத் துளைகள் மட்டும்தான் மிச்சம். இங்கிலாந்தில் கெய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் மாரிஸ் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் தேடிப் பார்த்துச் சான்றிதழும் தருவார்கள். ஆனால் அவர்களுக்குச் சேசிஸ் எண் வேண்டும். பழைய பம்பாய் நம்பர் பிளேட்டைச் சொல்லி அங்கே என்ன தேடச் சொல்வது? தப்பான எண்ணைக் கொடுத்தோம். அது எங்கள் வண்டியே இல்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு நான் உண்மையிலேயே கைவிட்டுவிட்டேன்.

மாட்டுங்கா ஆஸ்திக சமாஜக் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது ஒரு மாமியிடம் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். சொன்னதே எனக்கு நினைவில்லை. அந்தப் பேச்சு யார் யார் வாயிலோ புகுந்து டோம்பிவிலி வரை போயிருக்கிறது. பத்து நாள் கழித்து ஓர் அழைப்பு. “தம்பி, உங்க அப்பா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மரத்தடிப் பட்டறையில் வண்டி விடுவாரா? பட்டறைக்காரர் என் அப்பாதான்” என்றார் அக்கா.

அந்தப் பட்டறைக்காரரைச் சிறு வயதில் நான் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலிக்காரர். பம்பாய் வழக்கப்படி எல்லோரும் மிஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. என்றோ ஒரு வாடிக்கையாளர், “என் என்ஜினை மாற்றிவிட்டாய்” என்று நாலு பேர் நடுவில் அவர் மேல் பழி போட்டாராம். அன்று முதல் எந்த வண்டி வந்தாலும், ஸ்பேனரைத் தொடும் முன்பு, எண்ணின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து அச்சு எடுத்துவிடுவார். அதை ஒரு நீளக் கணக்கு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் வண்டியின் நிலையும் தமிழில் எழுதி வைப்பார். இன்றைக்கும் அதிகாரிகள் சேசிஸ் எண்ணை இப்படித்தான் பதிந்து எடுக்கிறார்கள். மிஸ்திரி எடுத்ததோ யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. தன் நாணயத்துக்குத் தானே வைத்துக்கொண்ட சாட்சி அது.

போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றேன். “அதில் சரியாகத் தெரியாது தம்பி, கொண்டுவந்தே காட்டுகிறேன்” என்று சொல்லிவிட்டார். மழை கொட்டிய ஒரு நாள், மெது ரயில் பிடித்து மாட்டுங்காவில் இறங்கி, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையும் சுற்றி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். புடவை முழுக்க ஈரம். நோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

1971ஆம் ஆண்டுப் பக்கத்தில் எங்கள் வண்டி இருந்தது. சாம்பல் நிறத் தேய்ப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழுந்து நின்றது. ஆர்.சி. புத்தகத்தில் 3 என்று எழுதியிருந்த இடத்தில் 8. இரண்டு வளையங்களும் தெளிவாக மூடியிருந்தன. முன்னால் எங்களுக்குத் தெரியாத எழுத்துகளும் இருந்தன. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே கரி படிந்த ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை. “இது நான். எட்டு வயது. காகிதம் நகராமல் நான்தான் பிடித்துக்கொள்வேன். அசைத்தால் அப்பாவிடம் திட்டு விழும்” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த எழுத்துகளைப் பிரித்துப் படித்துச் சொன்ன சயான் நண்பருக்கு அடுத்த நன்றி. எஃப் என்றால் மைனர், ஏ என்றால் நான்கு கதவு. அடுத்து வந்த ஹெச் என்ற எழுத்தும் 5 என்ற இலக்கமும் எங்கள் வீட்டுக் கதை ஒன்றையே மாற்றிவிட்டன. வண்டி முழுதாகக் கப்பலில் வந்து இறங்கியது என்றுதான் தாத்தா காலத்திலிருந்து சொல்லி வந்தோம். உண்மையில் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்து, இந்த மண்ணில் பூட்டப்பட்ட வண்டி அது. சரியான எண் போனதும் கெய்டனிலிருந்து வந்த பதில் அதை உறுதி செய்தது: 1953இல் பிரித்து அனுப்பப்பட்டது, வண்ணம் பூசாமல். இசிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனரில், 803 சிசி என்ஜின் வந்த பிறகு செய்யப்பட்டது. முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும் காலத்து வண்டி. இவ்வளவும் அவர்கள் சொல்ல முடிந்தது. முதலில் என்ன நிறம் என்பதை மட்டும் அவர்களால் சொல்ல முடியாது, அது இங்கே அடித்த நிறம் அல்லவா?

அதையும் மிஸ்திரிதான் சொன்னார். அச்சுக்குக் கீழே, மை மங்கிய குண்டு எழுத்தில் இருந்தது இது: “மேலே கறுப்பு. சுரண்டியதில் பச்சை, வெண்டைக்காய்ப் பச்சை. அதற்கு அடியில் செங்காவி. வேறு இல்லை.” செங்காவி அடிப்பூச்சு, அப்படியென்றால் முதல் நிறம் பச்சை. கடல் கடந்த பதிவேட்டிலும் இல்லாத செய்தியை ஒரு மரத்தடித் தொழிலாளி பதினொரு சொல்லில் எழுதி வைத்திருக்கிறார்.

அக்கா பணம் வாங்கவில்லை. ரயில் டிக்கெட்டுக்குக்கூட வாங்கவில்லை. ஒரு டம்ளர் காபி குடித்தார். கூந்தலைத் துவட்டிக்கொள்ளத் துண்டு கேட்டார். மழை விட்டதும் கிளம்பிவிட்டார். நோட்டை எங்களிடமே விட்டுப்போனார், வேலை முடிந்து தந்தால் போதும் என்று. முன்பின் தெரியாத ஒருவரை நம்பி, தன் அப்பாவின் கையெழுத்தை விட்டுப்போக என்னால் முடியுமா என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டு விதிகளை வரி வரியாகப் படித்து விண்ணப்பம் எழுதித் தந்த செம்பூர் வழக்கறிஞர், பென்சில் அச்சைச் சான்றாக ஏற்று கோப்பை மறுபடி திறந்த அதிகாரி, வண்டியை நிறுத்த இடம் கொடுத்து மழைக்குத் தார்ப்பாய் கட்டிய பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி, நோட்டின் தையல் பிரியாமல் ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்த ஜெராக்ஸ் கடைப் பையன், அலைந்து திரும்பும் நாள்களில் கேட்காமலே தோசை மாவு கொடுத்தனுப்பிய மாடி வீட்டு அத்தை: நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது.

அந்த நோட்டில் இன்னும் எத்தனையோ வண்டிகள் இருக்கின்றன. ஃபியட், ஹெரால்டு, பேபி ஹிந்துஸ்தான், லேண்ட்மாஸ்டர். எல்லாப் பக்கங்களையும் தெளிவாகப் படியெடுத்து வைக்கப் போகிறேன், அக்கா சம்மதித்துவிட்டார். உங்கள் வீட்டு வண்டி அந்த மரத்தடிக்கு எப்போதாவது போயிருந்தால் என்னிடம் கேளுங்கள். இரவு இரண்டு மணியானாலும் தேடிப் பார்த்துச் சொல்வேன். வண்டிக்குப் பச்சைதான் அடிக்கிறோம். நிறம் கலப்பவரிடம் காட்ட, மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து அப்பா ஒரு பை நிறைய வெண்டைக்காய் வாங்கி வந்திருக்கிறார்.

புதிய தகட்டுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கிடைத்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே பழைய துளைகளில் பூட்டுகிறோம். பூட்டியதும் முதல் அச்சு எடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பென்சிலை அவரே சீவி வைத்திருக்கிறார். காகிதம் பிடிக்க அக்கா வருகிறார்.