மாட்டுத் தொட்டியில் உப்பை நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு வணக்கம். உப்பைக் குறைத்தால் ரத்தக்கொதிப்பு குறையும் என்று எழுதியிருந்தீர்கள், மனிதர்களுக்குச் சரிதான், ஆனால் அதைப் படித்துவிட்டு எங்கள் பாலக்கோடு பக்கம் ஒருவர் மாட்டுத் தண்ணீரில் போடும் கல் உப்பையும் நிறுத்திவிட்டார்! புல்லிலும் சோளத்தட்டிலும் உப்பில் இருக்கிற சோடியம் கொஞ்சம்தான். உடம்பில் அது குறைந்து ரத்த அளவும் அழுத்தமும் இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், அதன் வழியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக்குழாயைச் சுருக்கும், அப்புறம் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து சிறுநீரில் போகிற சோடியத்தைப் பிடித்து வைக்கும். ஆடு மாடுகளில் இன்னும் ஒரு படி மேலே, எச்சிலில்கூட சோடியத்தை மிச்சம் பிடித்துப் பொட்டாசியத்தை விட்டுவிடுகிறது. அதுவும் போதாதபோதுதான் மாடு சுவரையும், மூத்திரம் ஊறிய மண்ணையும், நம் வியர்வைச் சட்டையையும் நக்குகிறது, நாம் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். உப்பு கூடிப்போனால் இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரில் வெளியேற்றச் சொல்லும், ஆனால் அதற்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும். கோடையில் தொட்டி காய்ந்து கிடக்கும்போது உப்பை அள்ளிப் போட்டால் ஆபத்து. கால்நடைப் பகுதியில் இதையும் ஒருமுறை போடுங்கள்.

ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்