பழைய ரயில் பெட்டிகளுக்கு முதலில் கூரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையமும், 1955-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையும் அமைந்துள்ள வடசென்னைக்கு, பழைய நீராவி இன்ஜின்களையும் பெட்டிகளையும் காக்கும் பொறுப்பு மற்ற ஊர்களைவிட அதிகம். அவற்றைத் திறந்த வெளியில் நிறுத்தி அவ்வப்போது பளபளப்பாக வண்ணம் பூசுவது பாதுகாப்பு ஆகாது. உப்புக்காற்றும் மழைநீரும் தகட்டின் இணைப்புகளுக்குள் புகுந்து பூச்சுக்கு அடியிலேயே துருவை வளர்க்கின்றன, மரச்சட்டங்களோ ஈரத்துக்கும் கரையானுக்கும் இரையாகின்றன. ஒதுக்கப்படும் பணத்தில் முதற்செலவு கூரைக்கே ஆக வேண்டும்.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்ற நீராவி இன்ஜினை 2010-இல் மீண்டும் ஓட வைத்தவர்கள் நம் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள். எத்தனை அரிய கைத்திறன் அது! கொதிகலன் குழாய்களை மாற்றவும் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிக்கவும் அறிந்த மூத்தவர்கள் ஓய்வு பெற்ற பின் அந்த அறிவு எந்த ஆவணத்திலும் முழுமையாகக் கிடைக்காது என்பதால், அவர்களை ஐ.சி.எஃப். வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்து, ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யுமாறு ரயில்வே நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், வண்ணாரப்பேட்டை