சேர்க்கச் சொல்கிறீர்கள், கற்றுத் தருவதில்லை: ஆய்வுப் பட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் ஒரு மாணவியின் ஆய்வேட்டை நீங்கள் திருப்பி அனுப்பிய கதையை உங்களுக்கே விவரிக்கத் தேவையில்லை. அதில் இருந்த ஒரு குறிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: "இரு தரவுகளும் முரண்படுகின்றன, ஓர் இயலை நீக்குக."

நெறியாளர்களின் வழிகாட்டுதல் மாணவர்களுக்கு நிறைவளிக்கிறதா என்பதே அந்த ஆய்வு. வினாப்பட்டியலில் பெரும்பாலோர் 'மிகவும் நிறைவு' என்று குறித்திருந்தார்கள். அவர்களில் சிலரையே நேர்காணலில் சந்தித்தபோது, விடைத்தாள் யார் கைக்குப் போகுமோ என்று பயந்து அப்படிக் குறித்ததாகச் சொன்னார்கள். அந்தப் பயம்தான் ஐயா, ஆய்வின் முடிவு! வினாப்பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் அது வெளியே வந்திருக்காது. எண்களையும் நேர்காணல்களையும் ஒரே ஆய்வில் சேர்ப்பதுதான் கலப்பு முறை. அதைக் கையாள்வதற்கான நோக்கங்களை 1989-இல் கிரீன், காராசெல்லி, கிரஹாம் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் ஐந்தாக வகுத்தார்கள். முரண்பாட்டைத் தேடிப்போய் அதிலிருந்து புதிய கேள்வி எழுப்புவதும் அவற்றில் ஒன்று. அதைத்தான் நீங்கள் பிழை என்று திருத்தச் சொல்லியிருக்கிறீர்கள்.

நீக்கப்படப் போவது எந்த இயல் என்பதிலும் ஐயமில்லை. எண்கள் உள்ள இயலில் கை வைக்க யாருக்கும் மனம் வராது. பயத்தை மீறி வாய் திறந்தவர்களின் பேச்சுதான் குப்பைக்குப் போகும். அவர்களிடம் அந்த மாணவி இனி என்ன சொல்வார்?

புள்ளியியலுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறீர்கள்; நேர்காணலைப் பகுத்தாய்வதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள வேலையை யார் கற்றுத் தருவது? வினாப்பட்டியலில் விளங்காததை நேர்காணலில் கேட்பதா, நேர்காணலில் கேட்டதை வைத்து வினாப்பட்டியலை அமைப்பதா, இரண்டையும் ஒரே காலத்தில் நடத்தி ஒப்பிடுவதா? நேர்காணலுக்கு ஆட்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது? எண்ணையும் கூற்றையும் ஒரே அட்டவணையில் அருகருகே வைத்து எப்படிப் படிப்பது? இவற்றுக்கு விடை தெரியாமலே பதிவுப் படிவத்தில் 'கலப்பு முறை' என்று குறிக்கிறோம். வாய்மொழித் தேர்வில் ஒருவர் "நேர்காணலுக்கு இத்தனை பேர் போதுமா?" என்கிறார், மற்றவர் "இந்தச் சராசரிகள் எதற்கு?" என்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பயிலரங்கு நடத்தினோமே என்பீர்கள். நடத்தினீர்கள். அரை நாள் உரை, சான்றிதழ், குழுப்படம். படம் மட்டும் நன்றாக வந்திருந்தது. ஆண்டறிக்கையில் 'பல்முறை ஆய்வுப் பண்பாடு' என்றொரு பத்தியும் வந்தது. நெறியாளர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை என்று சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும். ஆனாலும் சொல்லிவிட்டேன், பொறுத்தருள்க.

கோரிக்கைக்கு வருகிறேன். இரு தரப்பு ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நின்று, ஒரே ஆய்வின் தரவுகளைச் சேர்த்துக் காட்டும் ஒரு பருவப் பாடம் வேண்டும். இரண்டு பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது போதாது. சேர்ப்பதைக் கற்றுத் தர வேண்டும். கலப்பு முறை ஆய்வேடுகளுக்கு அம்முறையில் பழகிய தேர்வாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். அதுவரை, இயலை நீக்கச் சொன்ன குறிப்பை நிறுத்திவைத்து, அந்த மாணவியை அழைத்து ஒரு முறை விளக்கம் கேளுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவர்