ஆடிக் கொடைக்கு முன்னால் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. பார்சலில் மேலே இருக்கிற டப்பாவில் என் பேரன் தம்பிக்கு ஏத்தங்காய்ப் பொடியும் ராகி மாவும் இருக்கின்றன. அடியில் இருப்பது உளுந்தங்களி மாவு, அது உனக்கு. டப்பா மேலேயே உன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். எல்லாருக்கும் கிண்டிக் கொடுத்துவிட்டு நீ பாத்திரத்தை வழித்துச் சாப்பிடாதே. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் நிறைய விட்டுக் கிண்டு.

இந்த மாதம் உன் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. தெரப்பிக்கு அலைகிறாள், நேரம் இருக்காது என்று அப்பா சொல்கிறார். சரி, இருக்கட்டும். ஆனால் தம்பிக்கு வலிப்பு மருந்தை நிறுத்தியாயிற்று என்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியதுதானே? நாமாக நிறுத்தவில்லையே? பிறந்த நேரத்தில் பக்கவாதத்தோடு வந்த வலிப்பு நின்றுவிட்டால் மருந்தை நீட்ட வேண்டியதில்லை என்று டாக்டர்கள் சொல்வது எனக்கும் தெரியும். சில பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகு திரும்ப வரலாம் என்றும் அவர்களேதான் சொன்னார்கள். அதனால்தான் கேட்கிறேன். ராத்திரி அவனை உன் பக்கத்திலேயே போட்டுக்கொள். ஆனால் விடிய விடிய முழித்து உட்கார்ந்து பார்க்காதே. நீ அப்படித்தான் உட்கார்ந்திருப்பாய், எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அப்பா போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். புதன்கிழமை தடுப்பூசி போடுகிற இடத்தில், பிள்ளைகளை மடியில் வைத்திருக்கிற தாய்மார் முன்னால் நீ பேசியது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் காய்ச்சல் வரவழைத்துக்கொண்டவள் நீ. அந்தப் பிள்ளையா இது என்று அப்பா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறந்த பிள்ளைக்கும் பக்கவாதம் வரும், ஆயிரம் முதல் நாலாயிரம் பிரசவத்துக்கு ஒரு பிள்ளைக்கு வருகிறது என்று நீ சொன்னதும் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு உன்னையே பார்க்கிறார்கள். அக்டோபர் 29 பக்கவாத தினத்துக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற படத்தில் வாய் கோணிய தாத்தாவைத்தானே போடுகிறார்கள், தொட்டில் பிள்ளையை யார் போடுகிறார்கள்?

நர்ஸம்மா விஷயத்தை நீ சொன்னவிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரெண்டாம் நாள் தம்பியின் வலது கையும் காலும் விட்டு விட்டு இழுத்தபோது பெரியத்தை குளிருது என்று துணியைப் போர்த்தினாள், நாமும் நம்பினோம். அந்த அம்மாதான் வந்து கையை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். வெறும் நடுக்கம் என்றால் பிடித்ததும் நின்றுவிடும், இது நிற்கவில்லை, வலிப்பு என்று சொல்லி அப்போதே தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் மட்டும் கவனிக்காவிட்டால் நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து சீர் தட்டியிருக்கிறது, மாந்தம் என்று எண்ணெய் தேடிக்கொண்டிருப்போம். சூடு வைக்கச் சொல்லவும் நம் தெருவில் ஆள் உண்டு.

உன் பேச்சைக் கேட்டு ஒரு பெண் பத்து மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தாளாமே. இடது கையாலேயே எல்லாம் எடுக்கிறான், இடக்கைப் பழக்கம் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்களாம். ஒரு வயசுக்கு முன்னால் பிள்ளைகள் ரெண்டு கையையும்தான் நீட்ட வேண்டும், ஒரு கையை மட்டும் நீட்டினால், இன்னொரு கை கட்டை விரலை உள்ளே வைத்து மூடியே இருந்தால் காட்டிவிட வேண்டும் என்று நீ சொல்லித்தான் அவள் ஸ்கேன் வரைக்கும் போனாளாம். இதையும் மாப்பிள்ளைதான் சொன்னார். எங்களிடம் சொல்ல உனக்கு என்ன? நல்லதைக்கூட நாங்கள் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டுமா?

நானும் இங்கே சும்மா இல்லை. அங்கன்வாடியில் அம்மாக்கள் கூடும்போது சொல்கிறேன். வலிப்பு வந்தால் கையில் சாவி திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து மணியைப் பாருங்கள், அஞ்சு நிமிஷம் தாண்டினால் ஒன்றும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று நீ சொன்ன மாதிரியே சொல்கிறேன். என் மகள் சொன்னது என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த வீடியோவில் ஒரே ஒரு இடம் மட்டும் எனக்கு ஆகவில்லை. கடைசியில் ஒருத்தி ஏன் வந்தது என்று கேட்கிறாள். நீ சிரித்துக்கொண்டே, ஏழாம் மாதம் வரைக்கும் ஸ்கூட்டி ஓட்டினேன், என்னையும்தான் சொல்லணும் என்கிறாய். யார் உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது? கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறைகிற தன்மை எல்லாப் பெண்களுக்கும் கூடும், நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு ரத்தக் கட்டி பிள்ளையின் மூளைக்குப் போயிருக்கலாம், பல பிள்ளைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது, தாய் செய்த எதனாலும் இல்லை என்று டாக்டர் நம் எல்லாரையும் உட்கார வைத்துத்தானே சொன்னார். நீ தலையாட்டினாய். நீ வயிற்றில் இருந்தபோது நான் ஒன்பதாம் மாதம் வரைக்கும் செங்கோட்டைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வந்தேன். அந்த ரோட்டில் குலுங்காத எலும்பு கிடையாது. கிரகணத்தன்று வாசலில்தான் நின்றேன். உனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அப்படி இருக்கும்போது உன் ஸ்கூட்டியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?

அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்திக்கும் நீ சொல்வது காதில் விழுகிறது, பாப்பா. நாளைக்கு அவர்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், அவள் மாமியார் வாயில் உன் ஸ்கூட்டி வந்து நிற்கும். அடுத்த தடவை அந்த வரியைச் சொல்லாதே. சிரித்துக்கொண்டும் சொல்லாதே.

நீ ராத்திரி தூங்குகிறாயா? அதை மட்டும் எனக்குச் சொல். தம்பியின் டாக்டரிடம் போகிறபோது உனக்கும் ஒரு டாக்டரைப் பார்த்தால் தப்பில்லை. அழுகை வந்தால் அடக்க வேண்டாம், ஆனால் காரணம் இல்லாமல் நாள் முழுக்க வந்தால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் நான் இதைக் கேட்கவில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன்.

வலது கையைப் பழக்க, தம்பிக்கு நல்ல கையில் சாக்ஸ் மாட்டி விளையாட வைக்கிறதைத் தெரப்பிஸ்ட் சொன்ன நேரத்துக்கு மேல் செய்யாதே. அவன் எரிச்சல்பட்டு வலது கையையே வெறுத்துவிடப் போகிறான். சாக்ஸைக் கழற்றிய பிறகு ரெண்டு கையும் சேர்கிற விளையாட்டாகக் கொடு. பெரிய பந்து, சொப்புச் சாமான் மூடிகள், சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை. எதை வைத்தாலும் அவன் வலது பக்கம் வை, கூப்பிடும்போதும் அந்தப் பக்கம் நின்று கூப்பிடு. பிடித்துக்கொண்டு நிற்கிறானாமே! அந்த போட்டோவையாவது நீயே அனுப்பு.

ஆடி மாசக் கோயில் கொடைக்கு வா. போன வருஷமும் நீ வரவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு எல்லாம் தம்பியைக் காட்டிச் சொல்கிறாய், அவன் தாத்தா ஊரில் மட்டும் அவனை யாரும் பார்க்கவில்லை. பெயர் வைத்த அன்று பெரியத்தை பேசியதை மனசில் வைத்திருக்கிறாய். அவளிடம் நான் பேசியாயிற்று, இனி வாய் திறக்க மாட்டாள். திறந்தாலும் நான் இருக்கிறேன். தெரப்பி விட்டுப்போகும் என்று காரணம் சொல்லாதே. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படைத் தேர்வில் அடிபட்டு கழுத்துக்குக் கீழே அசைவு போன ராமகிருஷ்ணன் 1981-இல் ஆரம்பித்தது, இதே மாதிரிப் பிள்ளைகளுக்குச் சின்ன வயசிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் தெரப்பிஸ்ட்டிடம் ஒரு தாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் போதும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பொதிகை ரயிலில் லோயர் பெர்த் பார்த்து இப்போதே போடச் சொல் மாப்பிள்ளையிடம். சாரல் நேரம், தம்பிக்கு முழுக்கைச் சட்டை எடுத்து வை. அவன் கையில் கட்டுகிற ஸ்பிளின்ட்டை மறந்துவிடாதே. தென்காசி ஸ்டேஷனுக்கு அப்பா வருவார். வருகிற ஞாயிறு நீ போன் பண்ணாவிட்டால் நானே பண்ணுவேன், எடு.

அம்மா